நீல விளிம்புப் போகணி

கொட்டாங்குச்சியைவிட லேசான ஏனம் உலகத்தில் கிடையாது, அதைவிட மலிவானதும் கிடையாது என்று என் புருஷன் ராசாங்கம் சொன்னார். சொல்லிக்கொண்டே கண்ணாடிச் சில்லால் ஒரு கொட்டாங்குச்சியை வழவழவென்று சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான். கைவேலையில் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. சுண்ணாம்புக்கல் எங்கெங்கே இருக்கிறதென்று பார்க்க, சர்க்கார் ஆபீசர் ஒருவர் கூடாரம் போட்டுக்கொண்டு அரியலூரிலிருந்து பெரம்பலூர்வரை காடுகாடாகப் போகப்போகிறார், வெட்டிய கல்லைச் சுமக்க ஆள் வேண்டும் என்று மேஸ்திரி வைரக்கண்ணு எங்கள் சேரிக்கு வந்து கூப்பிட்டிருந்தார். மேஸ்திரிக்கு உடையார்பாளையம் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். காலையில் டீ, மத்தியானம் கஞ்சி, கூலி தனி.

"ஆளுக்கு ஒரு ஏனம் கொண்டாந்துடுங்க. அவுங்கவுங்க மூட்டை அவுங்கவுங்க தலையில. கனமா எதையும் தூக்கிக்கிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஏனம் என்றால் எது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பண்ணையில் கூழ் ஊற்றினால் மண் கலயம். டீக்கடையில் எங்களுக்கென்று வேலியில் செருகி வைத்திருக்கும் கொட்டாங்குச்சி. குடித்துவிட்டு நாங்களே கழுவி, நாங்களே செருகிவிட்டு வரவேண்டும்.

"டீத்தண்ணியும் இதுல குடிச்சுக்கலாம், கஞ்சியும் இதுல குடிச்சுக்கலாம். வேற என்னா வேணும் ஒனக்கு?" என்றார் ராசாங்கம்.

"எனக்குக் காது வச்ச போகணி வேணும்."

"வாங்கலாம் புள்ள. வாங்கினா, அதுல யாரு ஊத்துவா?"

அதற்காக அடங்கி உட்காருகிற ஆள் நான் இல்லை. களையெடுத்த கூலியை முடிந்துகொண்டு அரியலூருக்கு நடந்தேன்.

ரயிலடிக்குப் பக்கத்தில் ராவுத்தர் கடை. மற்றக் கடைகளில் நாங்கள் வாசலில் நின்று விரலைத்தான் நீட்ட முடியும். ராவுத்தர், "எடுத்துப் பாரும்மா, கடிக்காது" என்பார். எடுத்துப் பார்த்தேன். பித்தளைச் சொம்பு அழகுதான். ஆனால் தலையில் கல்லோடு கல்லாக அதையும் யார் சுமப்பது? விலையும் எனக்கு எட்டாது. பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன தகர டப்பா ஒன்று இருந்தது. பிடி மடங்கியது, வேடிக்கையாக இருந்தது. மூலைக்கு மூலை சோறு ஒட்டும், விரல் விட்டு வழிக்க முடியாது. அதில் டீ குடித்தால் பாதி கன்னத்தில் வழியும். அலுமினியத் தம்ளர் இறகுபோல இருந்தது. சூடாக ஊற்றினால் கை வெந்துபோகும், கஞ்சிக்குக் கை நுழையாது.

அப்புறம்தான் பீங்கான் போகணியை எடுத்தேன். இரும்புத் தகட்டில் வெள்ளைப் பூச்சு, வாயைச் சுற்றி நீல விளிம்பு. என் கை முழுசாக உள்ளே போயிற்று. சோற்றைப் பிசைவதுபோலப் பிசைந்து பார்த்தேன். ராவுத்தர் சிரித்தார். காதைப் பிடித்துத் தூக்கிக் குடிப்பதுபோல வாயில் வைத்துப் பார்த்தேன். காதில் கயிறு கோத்து இடுப்பில் தொங்கவிட்டு, கடைக்குள்ளேயே நாலடி நடந்தேன். இடித்தது, ஆனால் இழுக்கவில்லை.

"கேம்புக்குப் போறவங்க எல்லாரும் இதைத்தாம்மா தூக்குறாங்க. ஒங்க மேஸ்திரிகூட நேத்து ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. காட்டுல வெங்கலத்தை யாரு சுமக்கறது?" என்றார் ராவுத்தர்.

"அப்ப எனக்கும் அதே குடுங்க பாய்" என்றேன்.

அடுக்கில் தேடி, அடியில் நெல்லளவு பூச்சு உதிர்ந்து கறுப்பாக இருந்த ஒன்றை எடுத்தேன். அந்தக் கறுப்பைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினேன்.

கேம்பில் முதல் நாள் காலை ஊர்க்காரர்கள் கூடாரத்தருகே நின்றார்கள். நாங்கள் தள்ளி வேலமரத்தடியில் நின்றோம். சமையல்காரர் அய்யம்பெருமாள் வாளியோடு வந்து, கொட்டாங்குச்சிகளில் உயரத்திலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே போனார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். திரும்பி மேஸ்திரி கையில் இருந்ததைப் பார்த்தார். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே நீலம்.

மேஸ்திரி அங்கிருந்தே கேட்டார். "ஏ குஞ்சம்மா, என்னா அது?"

"போகணிங்க."

"கண்ணு தெரியுது எனக்கு. நான் குடிக்கிற ஏனத்துல நீயும் குடிப்பியா?"

"கனமில்லாததா கொண்டாரச் சொன்னீங்க. இது கனமில்லீங்க."

"வாயி நீளுது" என்றார். "அய்யம்பெருமாளு, அதுல ஒரு சொட்டு வுழக்கூடாது."

விழவில்லை. நீட்டிய கையை நான் மடக்கவும் இல்லை. வாளி என்னைத் தாண்டிப் போகும்வரை நீட்டியபடியே நின்றேன். மத்தியானம் கஞ்சிக்கும் அதேதான். நத்தை ஓடுகள் பதிந்த சுண்ணாம்புக்கல்லைக் கூடை கூடையாகச் சுமந்துவிட்டு, வயிறு ஒட்டிப்போய் நின்றேன். ராசாங்கம் தன் கொட்டாங்குச்சியை என்னிடம் தள்ளினார். நான் அதிலிருந்து பாதியை என் போகணியில் ஊற்றிக்கொண்டு, மேஸ்திரி பார்க்கிற இடமாகப் போய் உட்கார்ந்து, சாவகாசமாகக் கையை விட்டுப் பிசைந்து குடித்தேன்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி வந்தார். "காலையில கொட்டாங்குச்சியோட வா. இல்லாட்டி இப்படியே ஊரு போய்ச் சேரு."

"வேலை போயிடும் புள்ள" என்று ராசாங்கம் கெஞ்சினார். அவர் சுரண்டிய கொட்டாங்குச்சி என் மூட்டையில் சேலைக்கு நடுவில் இருந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. கூலி எனக்கும் வேண்டும். ஆனால் போகணியை மூட்டைக்குள் ஒளித்தால், அப்புறம் ஆயுசுக்கும் அதை வெளியே எடுக்க மாட்டேன் என்று தெரிந்துபோயிற்று.

ஏனம் கழுவ ஓடைக்குப் போனோம். மேலே ஊர்க்காரர்கள், கீழே நாங்கள். நாங்கள் தொட்ட தண்ணீர் அவர்களிடம் போய்விடக் கூடாதாம். அவர்கள் தொட்டது எங்களிடம் வரலாம், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பச்சைமலைப் பக்கம் பெய்த மழை எங்களுக்குத் தெரியாது. கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி முழங்காலுக்கு ஏறியது. என் போகணி கையை விட்டு நழுவிப் போய்க் கோரைப்புல்லில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போனால், மேலேயிருந்து இன்னொரு போகணி ஆடி ஆடி மிதந்து வந்து அதன் பக்கத்திலேயே நின்றது. பித்தளையாக இருந்தால் முழுகியிருக்கும். இது லேசானது, வந்துவிட்டது. இரண்டையும் அள்ளிக்கொண்டு கரையேறினேன்.

மேஸ்திரியும் அய்யம்பெருமாளும் ஓடிவந்தார்கள்.

"எதுங்க உங்களுது?" என்று இரண்டையும் நீட்டினேன்.

அவர் மாறி மாறிப் பார்த்தார். தன் போகணியின் அடியை அவர் என்றைக்குப் பார்த்தார்? கழுவுகிறவர் அய்யம்பெருமாள். "நீதானே தேய்க்கிற, எது நம்மளுது, சொல்லேன்" என்றார் அவரிடம்.

அய்யம்பெருமாள் குனிந்து இரண்டின் அடியையும் பார்த்தார். அந்த நெல்லளவு கறுப்பில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாட்டந்தாங்க இருக்கு" என்றார்.

"ரெண்டையும் ஓடையில வுட்டெறி" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணு என்னுதுங்க. என் கூலியில வாங்கினது. எறிய மாட்டேன்."

"அப்ப வேலை இல்ல. போ."

"போறேங்க. ரெண்டையும் எடுத்துக்கிட்டே போறேன். வழியில யாராச்சும் 'ஏது இன்னொண்ணு'ன்னு கேட்டா, மேஸ்திரியோடதும் என்னோடதும் கலந்துபோச்சு, எது எதுன்னு அவருக்கே தெரியலன்னு சொல்லிக்கிட்டே போறேன். உங்க உடையார்பாளையம் வழியாவே போறேங்க."

போ என்றவர் மறுபடி அதைச் சொல்லாமல், இரண்டையும் என்னிடமே விட்டுவிட்டார். திரும்பிக் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஓடைக்காற்று குளிர்ந்தது. எல்லோரும் ஏனத்தோடு நின்றார்கள். மேஸ்திரி வெறுங்கையோடு நின்றார். மூட்டை கனக்கக் கூடாதென்று ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம். தான் வாய் வைக்கிற ஏனத்தை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். நான் என் மூட்டையிலிருந்து ராசாங்கம் சுரண்டிய கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு முன்னால் ஒரு கல்லின் மேல் வைத்தேன்.

"புதுசுங்க. யாரு வாயும் படல. டீத்தண்ணிக்கும் ஆவும், கஞ்சிக்கும் ஆவும். கனமும் இல்ல, காசும் இல்ல."

வேலமரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி அதைத் தொடவில்லை. அய்யம்பெருமாள் வாளியோடு எங்கள் பக்கம் வந்தார். மேஸ்திரியைத் திரும்பிப் பார்க்காமல், குனிந்து, என் போகணியில் விளிம்புவரை ஊற்றினார். பக்கத்தில் ராசாங்கம் இன்னொரு போகணியை நீட்டினார். அதிலும் ஊற்றினார்.

மேஸ்திரி பார்த்துக்கொண்டே நிற்க, நான் ஒவ்வொரு மடக்காகக் குடித்தேன். குடித்து முடித்துக் கவிழ்த்தபோது அடியில் அந்தக் கறுப்புப் பொட்டு இருந்தது. ராசாங்கம் குடித்ததில் இல்லை.