இரண்டு காலும் ஊன்றும் வண்டி

1.

இது கதையாக ஆரம்பித்தது அல்ல. வாகனங்களைப் பற்றி எழுதும் ஒரு மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. நடுத்தர அளவு அட்வெஞ்சர் பைக்குகளில் தினமும் தார் ரோட்டில் ஓட்டுவதற்கு எது தோது என்று எழுத வேண்டும். ஆற்றுக்குள் இறக்குவது, பாறை மேல் ஏற்றுவது எல்லாம் விளம்பரத்தோடு சரி. எங்கள் பக்கம் இந்த வண்டியை வாங்குகிறவர்கள் பிளவக்கல் அணை வரை ஒருமுறை போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாளிலிருந்து அதே வண்டியில் மில்லுக்கும் கடைக்கும் போவார்கள். இதில் கேலிக்கு ஒன்றும் இல்லை. நம் ரோட்டுப் பள்ளங்களுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் முளைக்கிற வேகத்தடைகளுக்கும் அந்த உயரமான சஸ்பென்ஷன் வேண்டித்தான் இருக்கிறது.

வெறும் தகவலாக எழுதினால் எனக்கே தூக்கம் வரும். அதனால் உதாரணத்துக்கு ஓர் ஆளை உண்டாக்கினேன். பெயர் பெனின். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆள் குள்ளம். குள்ளமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த ரக வண்டியில் முதல் தொல்லையே சீட்டின் உயரம்தான்.

மனைவி யாரையும் வைக்கவில்லை. கட்டுரைக்கு எதற்கு மனைவி?

2.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

[பெனினுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி என்றால்...] எல்லா வண்டிக் கட்டுரையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

[சஞ்சீவி மலைமேல் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில்...] மேகத்துக்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்?

[பெனின் ஷோரூமில் நடுவில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கால்விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன.] இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு அவனை டெஸ்ட் ரைடுக்கு அனுப்பினேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. "பெனின் பிரேக் பிடித்து, இரண்டு பாதங்களையும் முழுதாகத் தரையில் ஊன்றி நின்றான். ஒரு வண்டி தன் உயரத்துக்குத் தோதாக அமைந்ததில் அவனுக்குச் சந்தோஷம். இதையே எடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தான்" என்று எழுதினேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

3.

என் தெருவில் இருக்கும் ஜாபிர் இந்த மாதிரி வண்டிகள் விற்கிற ஷோரூமில் வேலை பார்ப்பவர். தகவல் சரிதானா என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, ஷோரூம்ல விரல்தான் எட்டுதுன்னு நீங்களே எழுதியிருக்கீக. கேட்ல மட்டும் பாதம் எப்படி ஊனும்? பின்னால ஆள் உக்காந்தாத்தான் வண்டி அம்புட்டு இறங்கும். இவரு தனியாத்தான போறாரு?"

தனியாகத்தான் என்றேன். மேற்கொண்டு வாசித்தேன். கேட் திறந்ததும் வண்டி கொஞ்சம் சோம்பலாகக் கிளம்பியது, வேகத்தடையில் பின்பக்கம் அடி வாங்கியது, வளைவில் சாயும்போது ஒரு நொடி தாமதித்து இன்னொரு எடையும் சேர்ந்து சாய்ந்தது என்று எழுதியிருந்தேன். ஜாபிர் என்னைப் பார்த்தார். டபுள்ஸ் போகிற வண்டிதான் இப்படி நடந்துகொள்ளும் என்றார்.*

பாதங்களை அடித்து, விரல்கள் என்று திருத்தினேன். வளைவையும் வேகத்தடையையும் எடுத்தேன். மறுநாள் கேட்டுக்கு அப்பால் புதிதாக ஒரு பத்தி எழுதினேன். திரும்பப் படித்தபோது அதிலும் அவன் பாதம் ஊன்றித்தான் நின்றிருந்தான்.

* எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாத ஒருவனால் இவ்வளவு சரியாகத் தப்புச் செய்ய முடியாது. இதை நினைத்தபோதுதான் முதலில் பயந்தேன்.

4.

ஆக, பின் சீட்டில் யாரோ இருக்கிறார்கள். முதலில் ஒரு துணி மூட்டையை வைத்துப் பார்த்தேன். டெஸ்ட் ரைடு வண்டியில் மூட்டை ஏற்ற எந்த ஷோரூமில் விடுவார்கள்? பிறகு பெனினைக் கண்ணாடியில் பார்க்க வைத்தேன். அவன் பார்க்கவில்லை. மூன்று விதமாக எழுதியும் பார்க்கவில்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

(செத்துப்போன மனைவிதானே என்று நீங்கள் கொட்டாவி விடுவது கேட்கிறது. நானும் விட்டேன். விட்டுவிட்டு எழுதினேன்.)

அந்த மனைவி ஆஷிகா. அன்று அவளுக்குக் காய்ச்சல். ஆட்டோ பிடிக்கலாம் என்று பெனின் சொன்னான். ஸ்கூட்டரிலேயே போவோம், காற்றாட இருக்கும் என்றவள் அவள்தான். அவன் முதுகில் தலையைச் சாய்த்து, அவன் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொண்டாள். கேட்டில் நின்றபோது தூக்கம் வருகிறதா என்று கேட்டான். ம் என்றாள். கேட் திறந்ததும், அவள் கைகள் நழுவாமல் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, இராஜபாளையம் ஆஸ்பத்திரி வரை பேசிக்கொண்டே போனான். மாடியில் ஒழுகுகிற இடத்தைப் பூசுவது பற்றிப் பேசினான். அவள் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றிப் பேசினான். பதில் இல்லை. தூங்குகிறாள், குலுங்கக் கூடாது என்று இன்னும் மெதுவாக ஓட்டினான்.

அவளை இறக்க ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. எந்த இடத்தில் போனாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கோ. ஸ்கூட்டரை விற்றுவிட்டு, அதன்பிறகு அந்த ரோட்டில் அவன் பஸ்ஸில்தான் போய் வந்தான். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டான்.

5.

கட்டுரைக்கு மனைவி வேண்டாம் என்றேன். இப்போது இரண்டு பேர். இந்த வருடம் பெனின் செலினாவைக் கட்டினான். அவளும் இராஜபாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் ஒரே பஸ்ஸில்தான் இருவரும் போகிறார்கள். அவள் முன்வாசலில் ஏறிப் பெண்களோடு நிற்பாள், அவன் பின்வாசலில். வீட்டிலும் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். அவன் நல்லவன், முகம் சுளிக்காதவன், கேட்டதற்குப் பதில் சொல்கிறவன். விருந்துக்கு வந்த இடத்தில் இருப்பதுபோல அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

ஒருநாள் சொல்லிவிட்டாள். "எம்புட்டு நாளைக்கு நான் முன்வாசல், நீங்க பின்வாசல்னு போறது? வண்டி எடுங்க. நானும் பின்னால உக்காந்து வாரேன்."

அவள் கேட்டது வண்டி அல்ல, இடம். அது பெனினுக்கும் புரிந்தது. அதனால்தான் அவன் ஷோரூமுக்கே போனான்.

அங்கே இன்னொரு வண்டியும் இருந்தது. சீட் தாழ்வு, எடை குறைவு, நிஜமாகவே கால் எட்டும். கட்டுரை எழுதியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். குள்ளமானவர்கள் அழகைப் பார்க்காமல் சீட்டைப் பாருங்கள், காட்டுக்குப் போகாதவர்கள் முன்சக்கரம் பெரிதாக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், தார் ரோட்டு டயரே போதும். பெனின் உயரமான வண்டியைத் தேர்ந்தெடுத்தான். டெஸ்ட் ரைடில், கேட்டில் நின்றபோது அவன் முதுகில் யாரோ தலையைச் சாய்த்திருந்தார்கள். உடம்பு சுடவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை.

செலினாவிடம், இதுதான் என் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்று சொன்னான்.

6.

முடிவுகள்.

(அ) பெனின் கடைசி நேரத்தில் தாழ்ந்த வண்டிக்கு மாறுகிறான். [செலினா சிரித்தபடி ஏறி...] எழுதினேன். கேட்டில் அந்த வண்டியும், மூன்றாவதாக ஒருவர் ஏறியதுபோல இறங்கியது.

(ஆ) வண்டியே வேண்டாம் என்று பஸ்ஸிலேயே போகிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் செலினாவுக்கு இதை என்னால் செய்ய முடியவில்லை.

(இ) வண்டி எடுக்கிற நாள், மத்தியானம். மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்துவிட்டு வீட்டுக்குப் போவதாகத் திட்டம். ஜாபிரைக் கதைக்குள் இழுத்துவிட்டேன், அவர்தான் சாவியைக் கொடுக்கிறார். பெனின் காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்கார்கிறான். அதே ஷோரூம், அதே மட்டமான தரை. இரண்டு குதிகாலும் தரையில் பதிகின்றன.

ஜாபிர் பார்த்துவிட்டார். குனிந்து பின்பக்க ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

செலினா அவர் முகத்தைப் பார்த்தாள், பெனினின் குதிகால்களைப் பார்த்தாள், காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தாள். ஆஷிகாவைப் பற்றி அவளிடம் பெனின் எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஒரு வீட்டில் சில மாதம் இருந்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலா போகும்? அவன் தோளில் கை வைத்தாள். ஃபுட்ரெஸ்டில் இடதுகாலை வைத்தாள். ஏறாமல் நின்றாள். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் கேட்கிற அதே குரலில், கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் கேட்டாள்.

"அக்கா, செத்த தள்ளி உக்காருங்க. நானும் வரணும்."

7.

இதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இரண்டு இருக்கிறது.

ஒன்று: வண்டி மெல்ல எழும்பியது, பெனினின் குதிகால்கள் தரையை விட்டு உயர்ந்தன. அப்படியென்றால் ஆஷிகா இறங்கிவிட்டாள். இம்முறை யாரும் வந்து இறக்கவில்லை, தானாகவே இறங்கினாள். இனி அவன் முதுகில் அந்தத் தலை சாயாது.

இன்னொன்று: வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்படியென்றால் ஆஷிகா பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். ஒவ்வொரு நாள் காலையிலும் மூன்று பேராகத்தான் அந்தக் கேட்டைக் கடக்க வேண்டும்.

எது வேண்டும் என்று பெனினிடம் கேட்டுப் பார்த்தேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டுக்கும் பயப்படுகிறான், இரண்டையும் விரும்புகிறான். எனக்கும் இதற்கு மேல் ஓடவில்லை. இதழுக்கு வேறு கட்டுரை அனுப்பிவிட்டேன்.

நீங்கள்தான் எழுத வேண்டும். எதுவானாலும் சீக்கிரம் எழுதுங்கள். செலினா இன்னும் ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக நிற்கிறாள்.