கொரண்டின் நின்ற கடை

இந்த்ரி இறந்த பிறகு மார்விக் பந்தயக் குதிரை வண்டியில் உட்காரவே இல்லை. மார்சா மைதானத்தின் கடைசி வளைவில் அவர் விழுந்தபோது அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். முன்னால் ஒரு குதிரை இடறியது. சக்கரத்தோடு சக்கரம் கோத்துக்கொண்டது. நீலச் சட்டை போட்ட உடம்பு ஒன்று மேலே எழும்பி வேலிக்கம்பியில் போய் மோதியது. கடிவாள வாரைப் பிடித்து இழுத்து ஒதுங்கியதால் அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து யாராவது வண்டியை லாயத்துக்கு வெளியே உருட்டும் சத்தம் கேட்டால்கூட அவள் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள்.

இந்தத் தொழிலை அவளுக்குக் கொடுத்ததே அவர்தான். புருஷன் விட்டுப்போன கையோடு, சிஜ்ஜீவியில் இருந்த அவர் லாயத்துக்குச் சாணி அள்ள வந்தவள் அவள். ஒரு நாள் அவளை வண்டியில் ஏற்றி வாரைக் கையில் கொடுத்துவிட்டார். மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

"பொம்பளைக்கு எதுக்குய்யா இதெல்லாம்?"

"இழுக்கிற குதிரையே ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு என்னடா வலிக்குது?" என்றார் இந்த்ரி.

வேகமாக ஓடினாலும் குதிரை நடையை விடக்கூடாது, பாய்ச்சலுக்கு மாறினால் பந்தயம் போச்சு. அந்தச் சூட்சுமத்தை வாரின் இழுப்பிலேயே உணர அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அத்தனை நாளும் அவர் பக்கத்தில் இருந்தார், கத்தினார், கிண்டலடித்தார். பிறகு நண்பராகிவிட்டார். பந்தயம் தொடங்குமுன் அவள் வாய் உலர்ந்து நிற்கும்போது அவர் பக்கத்து வண்டியில் கொட்டாவி விடுவார். "மூஞ்சியப் பாரு, பல்லு பிடுங்கப் போறவ மாதிரி!" என்பார். அந்தக் கொட்டாவியைத்தான் இப்போது அவளால் மறக்க முடியவில்லை. பயமே இல்லாத மனுஷனே போய்விட்டார் என்றால் தான் எந்த மூலைக்கு?

ஒரு சாயங்காலம் இந்த்ரியின் மனைவி லோன்சா லாயத்து வாசலில் வந்து நின்றாள்.

"கொரண்டினுக்குக் கால் வீங்குதுடி. ஓட்டமே இல்லாம நிக்குது. என் தம்பிகிட்ட விட்டா சாட்டையாலயே கொன்னுடுவான். நீ ஓட்டு."

"என்னால முடியாது லோன்சா."

"முடியாதுன்னா உள்ள போய் அதுகிட்டயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

கொரண்டின் இந்த்ரியின் குதிரை. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த கறுப்புக் குதிரை. மார்விக் உள்ளே போனாள். அது அவள் சட்டைப்பையை மூக்கால் துழாவியது. அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத வேளையில் வண்டி பூட்டினாள். விரல்கள் வழுக்கின, ஒரு கொக்கியை மாட்டவே வெகு நேரமாயிற்று. சாலையில் இறங்கினதும் கொரண்டின் நல்ல நடையில்தான் போனது. பின்னால் வரும் ஒவ்வொரு காருக்கும் அவள் தோள் தன்னால் ஒடுங்கியது. கோர்மிக்குப் போகும் இறக்கத்தில் குவாரியிலிருந்து கல் ஏற்றிய லாரி ஒன்று முந்தியது. அதன் தார்ப்பாய் அவிழ்ந்து படபடவென்று குதிரையின் முகத்துக்கு நேராக அடித்தது.

கொரண்டின் பாய்ந்தது.

வாரை இழுத்தாள். கல்லைக் கட்டி இழுத்தது போலிருந்தது. வண்டி ஒரு சக்கரத்தில் எழும்பித் திரும்பத் தரையில் அடித்தது. எதிரே ரவுண்டானா, அதைச் சுற்றி வேலைக்குப் போகிற கார்கள், ஒரு பஸ். வேலிக்கம்பியில் விழுந்த நீலச் சட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. குதித்துவிடலாமா? குதித்தால் குதிரை தனியாகப் போய் அந்த பஸ்ஸில் மோதும். வாயில் எச்சில் இல்லை. காலுக்கு நடுவே சூடாக நனைவது மட்டும் தெரிந்தது.

"இந்த்ரி!" என்று அலறினாள். "என்னையும் கூட்டிக்கிட்டுப் போகப் பாக்கறியா?"

ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் குதிரை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் பட்டு உடைந்தது. காரிலிருந்து யாரோ அவள் அம்மாவைத் திட்டினார்கள். சுவரோரமாக இருந்த மண் திடலில் ஏறி, வேகம் குறைந்து, நாலடி நடந்து, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை முன்னால் கொரண்டின் நின்றது. அதன் விலா மட்டும் தோல்பை மாதிரி ஏறி இறங்கியது.

கடைக்குள்ளிருந்து ஒரு பருத்த பெண்மணி எட்டிப் பார்த்தாள். பேர் கொன்செட்டா என்பது பிறகுதான் மார்விக்குக்குத் தெரியவந்தது.

"வந்துட்டியாடா கருப்பா!" என்று குதிரையிடம் சொல்லிவிட்டு, வண்டியிலிருந்தவளைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நீ மார்விக்தானே மகளே? இறங்கு. மெதுவா."

இறங்கினாள். கொன்செட்டா அவளைப் பிடித்து உட்காரவைத்து, தன் மேலங்கியை மடியில் போர்த்தி, கண்ணாடி டம்ளரில் பால் டீ ஊற்றினாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பாஸ்டிட்ஸி ஒன்றைக் குதிரைக்குப் பிய்த்துக் கொடுத்தாள். அது சாவகாசமாகத் தின்றது.

"இது இங்க வருமா?"

"இந்த்ரி இருந்த வரைக்கும் தினம் வரும். இங்கதான உக்காந்து பாஸ்டிட்ஸி தின்பான். நீ உக்காந்திருக்கிற அதே பெஞ்சு."

"காலையில மலை மேல வரைக்கும் ஓட்டிட்டு வர்றேன்னுல்ல சொல்லுவாரு!"

"மலையாவது மண்ணாவது. அந்த ரவுண்டானாவத் தாண்டறதுக்கு முன்னாடி அவனுக்குக் கை இந்த ஆட்டம் ஆடும். டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவான். சின்ன வயசுல ஒரு விழுகை விழுந்தானாம், அதுலேர்ந்தே இப்படின்னு சொன்னான். பந்தயத்தன்னிக்கு மட்டும் ஒரு வாய் இறங்காது."

"அவரு கொட்டாவி விடுவாரே!"

"மூச்சு முட்டினா வேற என்னம்மா பண்ணுவான்? 'கொன்செட்டா, மார்விக்குக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது. அந்தப் பொண்ணு என்னப் பாத்துதான் வண்டியில ஏறுது'ம்பான்."

மார்விக் டம்ளரைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது கோபம். நாலு மாசமாக நான் ஒருத்திதான் கோழை என்று நினைத்துப் படுத்திருந்தேனே, பாவி! அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சவ அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை.

திரும்பிப் போக வேறு வழி இல்லை. அதே ஏற்றம், அதே கல் லாரிகள். வண்டியில் ஏறினபோது பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை, ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. வழியெல்லாம் இந்த்ரியைத் திட்டிக்கொண்டே குதிரையை நடக்கவிட்டாள்.

லாயத்து வாசலில் காத்திருந்த லோன்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த்ரியின் கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்டு லோன்சா ஆச்சரியப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பாஸ்டிட்ஸி என்றதும்தான் அவள் முகம் மாறியது.

"பாஸ்டிட்ஸியா? தினமுமா? அதான் காலையில நான் எது வச்சாலும் பசிக்கலம்பாரா அந்த மனுஷன்!"