நண்டு வலைக்கு நின்ற நாலு கப்பல்

கிள்ளை மீன் ஏலக் கொட்டகையில் கடற்படைக்காரர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். தனக்கோடி கடைசி வரிசையில், எழுந்து ஓட வாகாக உட்கார்ந்திருந்தார். விடியலில் தூக்க வேண்டிய நண்டு வலை இன்னும் கடலில் கிடந்தது. புது வலை. கூட்டம் முடியாமல் படகை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மடிப்புக் கலையாத சட்டையோடு வந்த எவனும் நல்லது செய்துவிட்டுப் போனதாக அறுபத்தெட்டு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

இன்று வந்தது ஒரு பெண். பேர் ஸ்ரீமதி, சொந்த ஊர் சிதம்பரமாம். விசாகப்பட்டினத்துத் தலைமையகத்தில் வேலையாம். கிழக்குக் கடல் மொத்தமும் அவர்கள் பொறுப்பாம்.

"நாலு நாட்டுக் கப்பலுங்க சேந்து பயிற்சி பண்றோம். நாளைக்கு எந்த நாட்டுப் படகு காணாமப் போனாலும் எல்லாருமா தேடணும் இல்லீங்களா?"

"புயல்ல நாங்க காணாமப் போனப்ப ஒரு காக்காகூடத் தேடல," என்றார் தனக்கோடி. கொட்டகை சிரித்தது.

"அதுக்குத்தான் பெரியவரே இது." அவளும் சிரித்தாள். காணாமல் போன படகுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் மிதவையை நேற்று கடலில் விட்டார்களாம். சிக்னல் கொடுத்தபடி அது நீரோட்டத்தோடு போகுமாம். "ஆனா நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரே எடத்துல நிக்குது. ஏதோ கோளாறு. பத்து மணிக்குக் கப்பல் போயி தூக்கிடும்."

தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டார். கடலில் மிதந்து வருவது எடுத்தவனுக்கு, அதுதான் கிள்ளை வழக்கம். நேற்று மத்தியானம் கிடைத்த மஞ்சள் உருண்டையை, தூரத்திலிருந்தே தெரிகிறதே என்று வலைக்கு அடையாளமாகக் கட்டி, சாயங்காலம் கல் போட்டு இறக்கியவர் அவர்தான். சொன்னால் கேஸ். சொல்லாவிட்டால் கப்பலுக்கு அடியில் சுற்றும் விசிறியில் சிக்கி வலை கொத்துக்கறி. மணி ஒன்பதேகால்.

பக்கத்திலிருந்த தங்கராசு காதில் ஊதினான். "இன்னா மச்சான், நேத்து நீ காட்டுனது மஞ்சக் கலருதானே?"

"வாய மூடுடா."

மூடிய வாயோடு தங்கராசு குலுங்கினான். தனக்கோடி எழுந்து நின்றார்.

"கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வலையில கட்டியிருக்கேன். கேஸ் போடுறதுன்னா வலையத் தூக்கினப்பறம் போடு."

 ஸ்ரீமதி ஒயர்லெஸ்ஸை எடுத்து இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். சொல்லி முடித்ததும் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நாலு கப்பலையும் நிறுத்தச் சொல்லிட்டேன். வாங்க, உங்க வலைய நீங்களே தூக்குங்க."

நாலு கப்பலும் நாலு கொடியோடு, மலை மலையாக, தள்ளி நின்றன. நடுவில் தனக்கோடியின் படகு, அதன் பலகையில் ஸ்ரீமதி. தனக்கோடி வலையை முழம் முழமாக இழுத்தார்.

"கொஞ்சம் சீக்கிரம், பெரியவரே."

"நண்டுக்குக் கால் ஒடிஞ்சா வெலை போவாது. நிக்கச் சொல்லு."

நின்றார்கள். மிதவையை அவிழ்த்து அவள் மடியில் போட்டுவிட்டு, மறுபடி இழுத்தார். மேல்தட்டில் வெள்ளையும் கறுப்புமாக வரிசை கட்டி நின்ற மாலுமிகள் கையாட்டினார்கள். ஒரு கப்பல் சங்கு ஊதியது. தனக்கோடி பதிலுக்குக் கையாட்டவில்லை. ஆண் நண்டு ஒன்றைப் பின்காலைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார். அது நாலு நாட்டுக் கப்பலையும் பார்த்து, இரண்டு கொடுக்கையும் அகல விரித்தது.