மெயின் ஆஃப் பண்ணியா?

எங்கள் வீட்டில் கடைசியாக வெளியே போகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். தெருமுனைக் கடைக்கு என்றாலும் அதே கதைதான். ஃப்ரிட்ஜில் பால் திரிந்தாலும் கேள்வி கிடையாது. என் மாமனார் ஒரு தோல் கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தபோது, ஆள் இல்லாத நேரத்தில் ஒயர் உரசி, கிடங்கே எரிந்துபோனது. அணைக்கப் போனவருக்கு வலது கை வெந்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் போட்ட சட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில், செருப்பு மாட்டுவதற்கு முன்னால் என் கை தானாகவே அந்தச் சுவிட்சுக்குப் போகப் பழகிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு இது தாலிப் பழக்கம்.

நான் எழிலரசி. ஆம்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆய்வேட்டை மதிப்பிட்டவர் நாற்பத்து மூன்று இடங்களில் திருத்தம் கேட்டிருந்தார். அதையெல்லாம் திருத்தி, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் குப்பைக்குப் போகும்.

கணக்கும் குறியீடுமாக இருக்கும் ஏட்டைச் சாதாரணமாக அடித்துவிட முடியாது. அதற்கென்று எழுத்துக் கோக்கும் மென்பொருள் வேண்டும். முதலில் வேலூரில் ஒருவர்தான் அடித்துக் கொடுத்தார். திருத்தத்துக்குப் போனால் “நாளைக்கு மேடம்” என்று மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பெங்களூரு போய்விட்டார். ஃபைல்களையாவது மெயிலில் அனுப்பினார், அந்த மட்டுக்கும் நல்லவர். கல்லூரி லேபில் வெளி மென்பொருள் எதையும் ஏற்ற விடமாட்டார்கள். என் கணவர் மதியழகன் சூப்பர்வைசராக இருக்கும் ஷூ கம்பெனியில் பென் டிரைவைக் கண்டாலே செக்யூரிட்டி பிடுங்கி வைத்துக்கொள்வான். மிச்சம் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டர். கட்டில், பீரோ, கிரைண்டரோடு என் சீர்வரிசையில் வந்தது. கிரைண்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது.

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் அஃப்ஷா சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“எழில், புது சாஃப்ட்வேர் இதுல ஏறாது. பழசு ஒண்ணு பென் டிரைவ்ல வெச்சிருக்கேன், அது ஏறும். ஆனா இந்த மிஷினுக்குப் பத்து மணி நேரம் ஆவும். நடுவுல கரன்ட் போச்சுன்னா திரும்ப மொதல்லேர்ந்துதான். யுபிஎஸ் இருக்கா?”

இருந்தது. பேட்டரி செத்து, அதன் மேல் என் மாமியார் கோவிந்தம்மாள் சாமி படம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. நாலு மணிக்கு முடிந்துவிடும். சாயங்காலமும், திங்கட்கிழமை லீவு போட்டும் உட்கார்ந்தால் திருத்தங்களை முடித்துவிடலாம். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு எனக்குப் பசித்தது.

எட்டு மணிக்கு அத்தை வந்து நின்றார். “இன்னாம்மா, இன்னும் குளிக்கல?”

என் கொழுந்தன் ஹேமந்துக்கு நாட்றம்பள்ளியில் பெண் பார்த்திருந்தார்கள். அன்றைக்குத் தாம்பூலம் மாற்றப் போக வேண்டும்.

“நான் வரல அத்தை. நாளைக்குக் கடைசி நாள்.”

“நல்லா இருக்கே! டாக்டர் பட்டம் வாங்கப்போற மருமக இருக்கான்னு உன்னத்தானே பெருமையா சொல்லி வெச்சிருக்கேன்? நீயே வரலன்னா அவங்க இன்னா நெனைப்பாங்க?”

பட்டம் வாங்க விடமாட்டார்கள், பட்டம் வாங்கப்போகிறவள் மட்டும் வேண்டும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. என் கணவர்தான் சமாதானம் பேசினார்.

“அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கப்போவுது. நீ எதிர்ல ஒக்காந்தா சீக்கிரம் ஏறிடுமா? இன்னிக்கு ஒரு நாள் மெயின ஆஃப் பண்ண வேணாம், விடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நியாயமான பேச்சு. அதனால்தான் கிளம்பினேன்.

ஒன்பது மணிக்கு வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. பழத்தட்டு ஹேமந்த் கையில், பூக்கூடை அத்தை கையில். நான் பின்கதவைத் தாழ்போட்டு, கேஸை மூடி, விட்டுப்போன தேங்காயை எடுத்துக்கொண்டு, பூட்டிக்கொண்டு ஓடினேன். எப்போதும்போல நான்தான் கடைசி.

பஜாரைத் தாண்டுவதற்குள் அத்தை கேட்டார். “மெயின் ஆஃப் பண்ணியாம்மா?”

“பண்ணிட்டேன் அத்தை.”

பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. முன் சீட்டில் இருந்த என் கணவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். புடவை நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு வாத்தியார், படிப்பென்றால் மரியாதை. கேசரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

“ஆராய்ச்சி எந்த மட்டும் வந்திருக்கும்மா?”

“முடிஞ்சுது சார். திருத்தம்தான் பாக்கி. வீட்ல கம்ப்யூட்டர்ல அதுக்கான சாஃப்ட்வேர் ஏறிட்டு இருக்கு. அது...”

என் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. இடுப்பில் தேங்காய்ப் பையை இடுக்கிக்கொண்டு, அந்தச் சுவிட்சை டக்கென்று இறக்கிய கை. எழுந்துவிட்டேன். அத்தை சிரித்த முகம் மாறாமல் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார். தாம்பூலம் மாற்றாமல் யாரும் எழுந்திருக்கக்கூடாதாம். பிறகு சாப்பாடு. பிறகு பாயசம். வீட்டுக்குத் திரும்பியபோது மணி நாலு.

கம்ப்யூட்டர் கறுத்துக் கிடந்தது. மறுபடி ஆன் செய்தால், திடீரென்று நின்ற கோபத்தில் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளவே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மறுபடியும் அந்தப் பச்சைக் கோடு. மறுநாள் விடியும்போது ஏறி முடிந்திருந்தது. குளிக்காமல், சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் மொத்த ஏட்டையும் அது நிராகரித்தது. நாற்பத்து மூன்றாவது திருத்தம் முடிந்தபோது மணி ஐந்து இருபது. தளம் மூடியிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்து கெஞ்சினேன்.

“ஏழு வருஷம் இருந்துச்சேம்மா,” என்றார். பத்து நாளில் பதிவு ரத்தான கடிதம் வந்தது.

யாரைத் திட்டுவது? அணைத்தது என் கை. வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கல்யாணப் பத்திரிகைக்கான தாளோடு வந்தார். அந்த மென்பொருள் தமிழும் அழகாகக் கோக்கும் என்று அஃப்ஷா சொல்லித் தொலைத்திருந்தாள்.

“அதான் ஏறிடுச்சே, நீயே அடிச்சிக் குடுத்துடு. சாயந்தரம் பிரஸ்ஸுக்கு அனுப்பணும். அப்புறம், உன் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுக்க.”

“வாங்கலையே அத்தை.”

“யாரு வந்து சர்டிபிகேட்டு கேக்கப்போறா? பொண்ணு வீட்ல சொல்லியாச்சு.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லோர் பெயரையும் பட்டத்தோடு அடித்தேன். என் பெயரில் வந்து கை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம், “என் கையாலயே கெடுத்துக்கினேன்,” என்றேன். கண் நிறைந்துவிட்டது.

அவர் என் தோளைத் தட்டினார். “நீ ஏன் சும்மா உன்னையே திட்டிக்கிற? கார்ல நீ ‘பண்ணிட்டேன்’னு சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. பஜார் கூடத் தாண்டல. நல்ல காரியத்துக்குக் கெளம்பிட்டுத் திரும்பக்கூடாதேன்னுதான் வாய மூடிக்கினு வந்தேன். விதி, விடு.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பஜாரிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிஷம். திரும்பியிருந்தால் ஏழு மணி நேரம் எனக்கு மிஞ்சியிருக்கும். எனக்குக் குறைந்ததோ இருபது நிமிஷம்.

எழுந்தேன். பத்திரிகையை இன்னும் சேவ் செய்யவில்லை. வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபேன் நின்றது. உள்ளே திரை அணைந்து, “ஐயோ, பத்திரிகை!” என்று என் கணவர் கத்துவது கேட்டது.

“கரன்ட் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அத்தை சமையலறையிலிருந்து வந்தார். சுவிட்சின் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். “யாரும் வெளிய போவலியே. எதுக்கும்மா ஆஃப் பண்ண?”

“பண்ணிட்டேன் அத்தை,” என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைத் தெரிந்து சொன்னேன்.