இடதுபக்க விளக்கு

வண்டியில் உருப்படியாக மிஞ்சியது இடதுபக்க ஹெட்லைட் ஒன்றுதான். வலதுபக்கம் பாலத்துச் சுவரில் மோதிச் சப்பையாகிப் போயிருந்தது. அந்தப் பக்கம்தான் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்.

நொறுங்கிய வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் மைதானத்தில் காவலுக்கு இருந்தவர், "வேணுங்கிறதை எடுத்துக்கங்கம்மா. விசாரணை முடிஞ்சிடுச்சு, இனிமே பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். சீட்டுக்கடியில் கிடந்த என் வீட்டுக்காரரின் செருப்பை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து மீட்டரை எடுத்து ஃப்யூஸைச் சோதித்தேன். இந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடையில் எனக்கு வேலை. மீட்டர் பிடிப்பதும் சாலிடர் வைப்பதும்தான் பிழைப்பு. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ரிலே நன்றாக இருந்தது. ஸ்விட்சிலிருந்து விளக்கு வரை வயர் எங்கும் அறுபடவில்லை. ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது, ஆனால் மோதிய வேகத்தில் அது திரும்பியிருக்கலாம் என்று போலீஸே சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது விளக்கும் அதன் பெட்டியும். இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்தேன். செருப்பை அங்கேயே மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இருட்டத் தொடங்கிய நேரத்தில் அவர் வண்டி விளக்கில்லாமல் போனதை பெட்ரோல் பங்க்கில் நின்ற ஒருவர் பார்த்திருக்கிறார். கையைக் காட்டிக் கத்தியும் இருக்கிறார். அடுத்த வளைவில் பாலம். விளக்கு தானாக அணைந்திருந்தால் அது விபத்து. நன்றாக எரிகிற விளக்கை அவரே அணைத்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

கொஞ்ச காலமாகவே அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். சாப்பிட்டீர்களா என்றாலும் ஒண்ணுமில்ல, தூங்கவில்லையா என்றாலும் ஒண்ணுமில்ல. கார் எலக்ட்ரீஷியன் அவர். ஊரார் வண்டிக்கெல்லாம் விளக்கு மாட்டியவர், தன் வண்டியில் வலதுபக்க விளக்கு செத்தும் மாற்றாமல் ஒற்றை விளக்கோடு ஓட்டிக்கொண்டிருந்தார். "ஒத்தக்கண்ணு மாப்பிள்ளை கிளம்பிட்டாரா" என்று கிண்டல் செய்வேன். முன்பெல்லாம் சிரிப்பார். அன்றைக்கு, "அந்த ஒண்ணாவது எரியுதா?" என்று கேட்டேன். "எரியும்" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மாமனாருக்குச் சந்தேகமே இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "லைட்டு காலை வாரிடுச்சு. அந்த ஃபேன்சி லைட்டு வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்பார். என் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, "லைட்டுதானே? வேற ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்பார். தினமும் கேட்டார். தினமும் "லைட்டுதான் அத்தை" என்றேன்.

இவர்கள் அழுதார்களா என்றால், மாமனார் அழுதார். மாமியார் அழவில்லை, நானும் அழவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு கண்ணு, பாரம் குறையும்" என்றார். பாரம் குறைக்க நான் என்ன பார்சல் ஆபீஸிலா நிற்கிறேன்? கையை விடுவித்துக்கொண்டு அவருக்கு டீ போடப் போனேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடம் தெரியாதே, அப்படித்தான் இருந்தது.

அந்த விளக்கைக் கடை மேஜையில் ஒரே நிமிடத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்குப் பதில் டார்ச்சைக் கையில் எடுத்தேன். வீட்டில் அலமாரி மேல் ஒரு பெரிய கைப்பிடி டார்ச் இருந்தது. அதைக் கார் விளக்கு போட்ட டார்ச்சாக மாற்றப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டு, பல்பு உட்காரும் ஓட்டையையும் அளவாக அராவி வைத்திருந்தார். அதோடு நின்றுவிட்டது. அதை முடித்துவிட்டு, அதில் வைத்தே விளக்கைச் சோதிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தள்ளிப்போட எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அது சாதாரண பல்பு இல்லை. உள்ளே கம்பி கிடையாது. பேலஸ்ட் என்று ஒரு பெட்டி, பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றி ஒரு உதை உதைக்கும். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் வாயு பற்றிக்கொள்ளும். முதலில் மங்கலான நீலம், பிறகு மெல்ல மெல்ல ஏறி வெள்ளை. பெட்டி கெட்டிருந்தால், பற்றிய விளக்கு சூடேறியதும் அணைந்துவிடும். நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தக் கோளாறுக்காகத்தான்.

வேலை இழுத்தது, நானும் இழுத்தேன். டார்ச்சின் முன்னால் இருந்த பிளாஸ்டிக் இந்தச் சூட்டுக்கு உருகிவிடும். கண்ணாடிக் கடையில் வட்டமாக வெட்டி வாங்கி வந்தேன். டார்ச்சின் பழைய ஸ்விட்ச், விளக்கு பற்றும்போது இழுக்கிற கரண்டைத் தாங்காது. காரில் போடுகிற கனமான ஸ்விட்சை வைத்தேன். பெட்டியிலிருந்து பல்புக்குப் போகும் வயருக்கு இரண்டு உறை போட்டேன். அது டார்ச்சின் ஓட்டில் பட்டால் ஷாக் நேராகக் கையோடு பேசும். பேட்டரி மட்டும் சின்னதாகத்தான் கிடைத்தது, கடையில் யாரோ கழித்துப்போட்ட அலாரம் பெட்டியில் இருந்தது. கைப்பிடிக்குள் அதைவிடப் பெரிதாக எதுவும் நுழையாது.

கடை ஓனர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, லீவு எடுத்துக்கன்னா கடைக்கு வந்து இதைச் செஞ்சுக்கிட்டு இருக்கே" என்றார்.

"வீட்ல சாலிடர் வாசனை ஆகாதுண்ணே."

அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறைக்க நினைக்கவில்லை. மாமனார் கண்ணில் பட்டது.

"இது அவன் டார்ச்சுல்ல?"

"ஆமா மாமா. முடிச்சிட்டேன். வண்டியில இருந்த லைட்டைத்தான் போட்டிருக்கேன்."

"அப்ப போட்டுப் பாரு. கெட்டதுன்னு நாமளே கண்ணால பாத்துடலாம்" என்றார் அவர். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றார்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. திரையை இழுத்துவிட்டேன். டார்ச்சைச் சாப்பாட்டு மேஜையில், எதிர்ச் சுவரைப் பார்க்க வைத்தேன். பழக்கதோஷம், பேட்டரியில் மீட்டரையும் மாட்டினேன். மீட்டரின் முகம் என் பக்கம் இருந்தது.

ஸ்விட்சைத் தட்டினேன். டிக் என்று ஒரு சத்தம். சுவரில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது.

"எரியுதே" என்றார் மாமனார்.

நீலம் ஏறியது. சுவரில் ஆணி அடித்த ஓட்டை, என் வீட்டுக்காரரின் தோள் உரசி உரசிக் கறுத்த இடம், பெயின்ட் உரிந்த மூலை எல்லாம் தெரிந்தன. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் மாமியார் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"இருங்க மாமா" என்றேன். "இது சூடேறணும். கெட்ட பெட்டின்னா சூடான பிறகுதான் அணையும்."

உட்கார்ந்திருந்தோம். விளக்கு அசையவில்லை. அது பாட்டுக்கு எரிந்தது. பெட்டி சூடேறி, டார்ச்சின் ஓடு கைவைக்க முடியாமல் ஆனது. கெட்ட பெட்டி இவ்வளவு சூட்டைத் தாண்டாது. தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் மெல்லக் கேட்டார். "இன்னும் எவ்வளவு நேரம் பாக்கணும்?"

மீட்டரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன பேட்டரி, அதற்கு அவ்வளவுதான் தெம்பு.

"இன்னும் கொஞ்சம் அத்தை" என்றேன்.

எண் இன்னும் இறங்கியது. விளக்கு ஒரு முறை துடித்தது. பிறகு பட்டென்று அணைந்தது. மாமனார் மறுபடி ஸ்விட்சைத் தட்டினார். டிக், டிக் என்றது. பற்றவில்லை.

"பாத்தியா" என்றார் மாமனார். "பாத்தியா, நான் சொன்னேன்ல. இப்படித்தான் வளைவுல அணைஞ்சிருக்கு. புள்ள என்ன பண்ணுவான்?"

மாமியார் என்னைப் பார்த்தார். கேள்வி எனக்குத்தான் என்று தெரிந்தது. மாமனார் எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார், நான் சொன்னால் நம்புவார்.

"ஆமா அத்தை" என்றேன். "சூடேறினா அணைஞ்சிடுது. பெட்டி போயிடுச்சு."

"அப்ப அவன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கான்."

"வீட்டுக்குத்தான் வந்திருக்காரு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இத்தனை நாள் அடக்கி வைத்தது வந்தது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் மீட்டரைக் கழற்றி, வயரைச் சுற்றி, பையில் வைத்தேன். திரையை விலக்கிவிட்டேன்.

மறுநாள் அந்த டார்ச்சைத் தூக்கிப் போடுவதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனேன். சின்ன பேட்டரியைக் கழற்றிவிட்டு மேஜையிலிருந்தே பன்னிரண்டு வோல்ட் கொடுத்து, சுவரைப் பார்க்க வைத்தேன். நீலம், பிறகு வெள்ளை. ஏதோ ஒரு இன்வெர்ட்டர் போர்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அது அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் எரிந்தது. அப்போதுதான் முதல்முறையாக எனக்குக் கோபம் வந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொன்ன வாயால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, அடித்தா போட்டிருப்பேன்? கோபம் வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, அதுவும் போய்விட்டது.

ஓனர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றார். "நல்லா வந்திருக்கும்மா, பகல்லயே இந்த எரி எரியுது. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ. கரண்ட் போனா ஆகும்."

"வேணாம்ணே, இங்கயே இருக்கட்டும்" என்றேன். "வீட்ல இது கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கேன்."