ஆறாம் நாள் வந்த பதில்

கலீலுல்லா வருகிற நாளென்றால் ஆலிஸ் இறால் உரிக்கும் கொட்டகையில் அரை நாள் லீவு சொல்லிவிடுவாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், ராயபுரத்தில் அவள் குடியிருந்த சந்துக்குள் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். வாசலில் நின்றபடியே சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுப்பார். உள்ளே அவள் புருஷன் அருள்நாதனின் கடிதமும் பணமும் இருக்கும். தண்ணீர் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார்.

அருள்நாதன் எண்ணூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். எழுபத்தாறாம் வருஷம், ஆலிஸின் செயினையும் வளையலையும் அடகு வைத்து ஒரு ஏஜெண்டிடம் கட்டிவிட்டு, பஹ்ரைனில் கப்பல் ரிப்பேர் வேலை என்று பம்பாய் ரயில் ஏறினான். இரண்டு மாதம் கழித்து முதல் பணம் வந்தது.

‘பேங்கில் போட்டால் அங்கே ஒரு கமிஷன், இங்கே ஒரு கமிஷன் என்று பிடுங்கிவிடுவார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் பம்பாய் வரைக்கும் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து கலீல் பாய் கொண்டுவந்து தருவார். நீயும் கடிதத்தை அவரிடமே கொடு. தபால் செலவு மிச்சம்’ என்று எழுதியிருந்தான்.

கலீலுல்லா ரயில்வே லைன் ஓரத்துப் பழைய இரும்புக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. உடைத்த கப்பல்களின் இரும்பு பம்பாயிலிருந்து அந்தக் கிடங்குக்கு வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்கள் வாரம் தவறாமல் வந்து போனார்கள். அதனால் ஆலிஸுக்கு அந்த ஏற்பாடு சரியாகத்தான் பட்டது.

அடுத்த வீட்டு மலர்க்கொடிக்குக் குவைத்திலிருந்து முதல் பேங்க் டிராஃப்ட் வந்தபோதுதான் அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது. மலர்க்கொடி புருஷனும் வெல்டர்தான். அவன் எண்ணூறு அனுப்பினான். ஆலிஸுக்கு வந்தது நூற்றைம்பது, மிஞ்சிப்போனால் இருநூறு.

“ஒன் ஊட்டுக்காரரு அங்க இன்னாதாமே செய்றாரு?” என்று மலர்க்கொடி சிரித்தபடி கேட்டுவிட்டுப் போனாள். ஆலிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

கலீலுல்லாவின் முகம் அவள் கண்முன் வந்தது. ஏன் அந்த மனிதர் ஒருநாளும் வாசற்படி தாண்டுவதில்லை? ஏன் பணத்தைக் கொடுத்ததும் பெடலில் கால் வைக்கிறார்? நடுவில் இவர்தான் உருவிக்கொள்கிறார் என்று முடிவு கட்டினாள். ‘எவ்வளவு கொடுத்தனுப்பினாய் என்று கடிதத்தில் எழுது’ என்று அருள்நாதனுக்கு எழுதினாள். அடுத்த முறை, நூற்றைம்பது என்று எழுதியிருந்தான். கவரிலும் சரியாக நூற்றைம்பது இருந்தது. அது அவளை இன்னும் குழப்பியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் வேதமாணிக்கத்தைப் பிடித்தாள். அவர் ஒரு பேங்கில் பியூனாக இருந்தார்.

“அண்ணே, வெளிநாட்லேர்ந்து டிராஃப்ட்டு வந்தா எவ்ளோ பிடிப்பாங்க?”

“எத்தினி ரூபாக்கு?”

“இருநூறுன்னு வையி.”

“சினிமா டிக்கெட்டு காசு போவும். அதுக்குப் போயி எவன் பயப்படுவான்?”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆலிஸ் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். சினிமா டிக்கெட் காசுக்கா ஒருத்தன் பேங்குக்கும் தபாலுக்கும் ஒளிந்துகொள்வான்? மலர்க்கொடியின் கடிதங்களில் குவைத் ஸ்டாம்பு இருந்தது. தன் கடிதம் எதிலும் ஸ்டாம்பே இல்லை என்பது அப்போதுதான் அவள் மனதில் தைத்தது.

நான்கு வயது மகள் டோரதி தூங்கிய மத்தியானத்தில் அவள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். ‘குழந்தைக்கு மஞ்சள் காமாலை, கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது, என்ன செய்வதென்று தெரியவில்லை.’ எழுதியதை மடித்தாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, கிடங்குக்குப் போய்க் கலீலுல்லாவிடம் கொடுத்தாள்.

“அவசரம் பாய்.”

“பம்பாய் போயி, அங்கேர்ந்து யாராச்சும் ஏறணும் தங்கச்சி. நாளாவும்” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மலர்க்கொடி எழுதினால் குவைத்துக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள், பதில் வர இன்னொரு பன்னிரண்டு நாள். ஆலிஸுக்கு ஆறாம் நாள் பதில் வந்தது. கவரில் இருநூறு ரூபாய். ‘தம்பையா டாக்டரிடம் உடனே காட்டு. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

கலீலுல்லா சைக்கிளைத் திருப்பினார். ஆலிஸ் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“பாய், எம் புருசன் எங்க கீறாரு?”

“பஹ்ரைன்லதான்…”

“ஆறு நாள்ல பஹ்ரைன் போயி வர்றதுக்கு என் கடுதாசிக்கு றெக்கை கீதா? சொல்லுங்க. இல்லாங்காட்டி நானே உங்க மொதலாளியாண்ட வந்து கேக்கறேன்.”

அவர் ஸ்டாண்டைப் போட்டார். அன்றுதான் முதல் முறையாக வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“அவன் பம்பாயத் தாண்டவே இல்ல, தங்கச்சி. ஏஜெண்டு இருபத்திரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கினு ஓடிட்டான். இவன் கப்பல் உடைக்கிற எடத்துல கூலிக்குப் போறான். எங்க லோடு அங்கேர்ந்துதான் வருது. லோடு எடுக்கப் போனப்போ என் கையப் புட்ச்சிக்கினு அழுதான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“நீங்க எவ்ளோ எடுத்துக்கினீங்க?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. கலீலுல்லா சொம்பைக் கீழே வைத்தார்.

“லாரி டிரைவருக்கு டீ காசு. அதும் நான்தான் குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் கேட்காமலே ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அவள் அதையும் முழுதாக நம்பவில்லை. வெளிநாட்டு வேலை இல்லாமல் போனவன் வீட்டுக்குத்தானே வருவான்? அங்கேயே தங்கிவிட்டான் என்றால் தங்க வைக்க ஒருத்தி இருப்பாள். இந்த நினைப்பு வந்த பிறகு அவளால் சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. டோரதியை மலர்க்கொடியிடம் விட்டுவிட்டு, மறுநாளே அந்த இருநூறு ரூபாயில் டிக்கெட் எடுத்துப் பம்பாய் மெயிலில் ஏறினாள்.

விலாசத்தில் இருந்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. ஆலிஸ் முதலில் பார்த்தது அங்கே கட்டியிருந்த துணிக்கொடியைத்தான். எண்ணெய்க் கறை படிந்த கைலிகள், பனியன்கள். ஒரு புடவை இல்லை, ஒரு ரவிக்கை இல்லை. எட்டி உள்ளேயும் பார்த்தாள். எட்டுப் பாய், எட்டு டிரங்குப் பெட்டி. சுவரில் அவளும் அருள்நாதனும் இருக்கும் கல்யாணப் படம் ஆணியில் தொங்கியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஆட்களில் ஒருவன் அப்படியே நின்றுவிட்டான். கறுத்து, கன்னம் ஒட்டி, முழங்கையில் தீப்புண் ஆறிய தழும்போடு இருந்தான். பதினோரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான்.

“டோரதி?” என்றான். கெட்ட செய்தியோடுதான் அவள் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் என்பது ஆலிஸுக்குப் புரிந்தது.

“நல்லாக்கீறா. காமாலையெல்லாம் ஒண்ணுமில்ல. பொய்யி.”

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“கொயந்த மேல பொய் சொல்வியா ஆலிசு?”

“நான் ஒரு தபா சொன்னேன். நீ பதினோரு மாசமா சொல்லிக்கினு கீறே.”

கூட வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அவன் மண்ணைக் கிளறியபடி பேசினான். “உன் களுத்துல கெடந்தத அடகு வச்சிட்டு வெறுங்கையோட எப்டி வர்றது? அடகையாச்சும் மீட்டுட்டு வரலாம்னு இருந்தேன். பேங்குல போட்டா பம்பாய் முத்திரை காட்டிக்குடுத்துடும்.”

ஆலிஸுக்குக் கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் அவன் தட்டில் ஆறிப்போன ரொட்டியைப் பார்த்ததும், கொண்டுவந்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். கல்யாணப் படத்தை அவளே ஆணியிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே இருவரும் ஊர் திரும்பினார்கள். வந்த அன்றே அவள் கிடங்குக்குப் போய்க் கலீலுல்லாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், “எம் பொஞ்சாதியா இருந்தாலும் அதான் கேட்ருப்பா” என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார். அருள்நாதனுக்குத் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்கு வேலை கிடைத்தது. அவன் குளிக்கப் போகிற நேரத்தில் ஆலிஸ் அவனுடைய டிரங்குப் பெட்டியை இரண்டு முறை அடிவரைக்கும் துழாவிப் பார்த்தாள். ஒரு பெண்ணின் பொருள் என்று ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதமாணிக்கம் அவன் தோளைத் தட்டினார். “இன்னா மாமு, பஹ்ரைன்லாம் எப்டி? வெயிலு ஜாஸ்தியாமே?”

அருள்நாதன் ஆலிஸைப் பார்த்தான். அவள் டோரதியின் கையைப் பிடித்தபடி, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெர்லண்ணே” என்றான் அவன். “நான் அங்க போவவே இல்ல.”