வாடகை நாற்காலியும் வலிக்காத காலும்

1

இரண்டாயிரத்து நானூறு. கேளிக்கைப் பூங்காக்காரர்கள் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி. சக்கர நாற்காலிக்குக் கட்டிய முன்பணம் அது. வாடகை தனி, அது போனது போனதுதான், அதைப் பற்றிப் பேச்சில்லை.

இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால் நான் வானத்தைப் பார்க்க மாட்டேன். அந்தப் பணத்திலிருந்து பிறந்தது. அன்று சாயங்காலமே எண்ணிக் கையில் கொடுத்திருந்தால் அவள் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பாள். உங்களுக்கும் இதைப் படிக்கிற வேலை மிச்சமாகியிருக்கும்.

(அவள் என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் முட்டி வலிக்கிறது. 'அவள்' என்று எழுதினால் வலி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இலக்கணத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இது.)

2

முதல் தொடக்கம்: 'பொன்னிறக் காலைக் கதிர்கள் பூங்காவின் வாசலைத் தழுவிய அந்த வேளையில்'

அதற்கு மேல் ஓடவில்லை. கதிர் தழுவியதா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? பேருந்தை விட்டு இறங்கக் கம்பியைப் பிடித்த விரல் மடங்கவில்லை. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது: 'நோய் என்பது ஒரு'

ஒரு பயணம், ஒரு போர்க்களம், ஏதாவது ஒன்றைப் போட வேண்டுமாம். மாலை வகுப்பு டீச்சர் சொன்னார். நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவர், நல்ல மனசுக்காரர், கதை என்றால் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறவர். துடைத்துக்கொள்ளட்டும். ஆனால் நோய் நோய்தான். பயணம் போக அவளுக்கு விடுப்பும் கிடையாது.

மூன்றாவது தொடக்கம் சலவைக்கூடத்தில். இது நிற்கும் போலிருக்கிறது.

விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கூடம். ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், எந்நேரமும் ஈரமான தரை, ஈரத்தோடு ஒட்டினாற்போல மடிப்பு மேசை. மறு கோடியில் இஸ்திரி மேசைகள். அவள் இஸ்திரி. கேட்கிறவர்கள் ஐயோ, என்ன வெக்கை என்பார்கள். அந்த வெக்கைதான் அவளுக்குப் பாதி மருந்து. காலையில் விறகாய்க் கிடக்கும் விரல்கள் சூடான துணியைத் தடவித் தடவித்தான் மறுபடி விரலாகும். அவளுடைய உடம்பு அவளுடைய மூட்டுகளையே பகையாளி என்று நினைத்துக் கடிக்கிறது என்றார் டாக்டர். தீராது, ஏறும், இறங்கும் என்றார். காலையில் நடப்பாள். மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்படி ஏறி இறங்குவதை ஊர் நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஊருக்கு அதன் பெயர் நடிப்பு.

கூடத்தின் மேற்பார்வையாளருக்குப் பெண்கள் வைத்த பெயர் கடிகாரம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் தன் மணிக்கட்டைப் பார்த்துப் பேசுகிறவர். உடம்பு முடியவில்லை என்று யாராவது சொன்னால் திட்ட மாட்டார். மறுநாளே மடிப்பு மேசைக்கு மாற்றிவிடுவார். பாதிக் கூலி, முழு ஈரம். உன் நல்லதுக்குத்தாம்மா என்பார். அவளுக்குப் பக்கத்து மேசையில் நின்ற ஒருத்தியை அப்படித்தான் நல்லது செய்து அனுப்பினார். அந்தப் பெண் மழைக்காலம் முடிவதற்குள் தானாகவே நின்றுவிட்டாள்.

அதனால் அவள் தன் நோயைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்திருந்தாள்.

ஆண்டுக்கு ஒருமுறை கூடத்தார் எல்லாரையும் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம். வராதவர்களுக்கு அன்றைய கூலி கிடையாது. சந்தோஷமாக இருக்க வேண்டியது கட்டாயம்.

3

அவள் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் தோள்தான் இருக்கும். அந்தப் பூங்காவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதற்குள் இவள் விழுந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். முதலாளியிடம் கைக்கடன் வாங்கி வந்திருந்தார். மற்றவர்கள் முன்னால் போனதும் நாற்காலி எடுத்துக்கொள்ளலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்பது ஏற்பாடு.

நாற்காலி கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை. அவளுக்கு எழுத்து தெரியும், அவருக்குத் தெரியாது. அவள் மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாடகை, நேரம், முன்பணம் எல்லாம் தாண்டிக் கடைசி வரிக்கு அவள் வந்து சேர்வதற்குள் அவர் பணத்தைக் கட்டிவிட்டார். கடைசி வரி இது: நாற்காலிக்குரியவர் எழுந்து நடமாடுவது தெரியவந்தால் முன்பணம் திருப்பித் தரப்படாது. வரிசையை முந்துவதற்கென்றே இளவட்டங்கள் நாற்காலி எடுத்துச் சுற்றுகிறார்களாம்.

(வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் பணம் தப்பித்திருக்கும். படிக்கவே தெரியாமலிருந்தால் மனசாவது தப்பித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள்.)

ரசீது போடுகிறவர் யாருக்கு என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கப்போனபோது பின்னால் இருமல் சத்தம். கடிகாரம். பையை வைக்கும் அறைக்கு வந்தவர், இவர்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எனக்குத்தாங்க," என்றார் வீட்டுக்காரர். "மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு."

சொன்னதோடு விடவில்லை. ஏறி உட்கார்ந்தும் விட்டார்.

கடிகாரம் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்தார். பாடுபட்டே தேய்ந்துபோயிட்டான் என்றார். அவள் பக்கம் திரும்பி, தைரியமா இரும்மா என்றார். சரிங்க சார் என்று அவள் கைப்பிடியைப் பற்றித் தள்ளினாள்.

4

இந்த இடத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கணவர் பாத்திரம் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார். நம்ப முடியவில்லை.'

எனக்கும் சந்தேகம் வந்தது. ஆகவே அவருடைய மற்ற குணங்களையும் எழுதிவிடுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் நாற்காலி அவருக்கு முள்ளாய்க் குத்தியது. அப்புறம் பழகிவிட்டது. மத்தியானத்துக்குள் அது பதவியாகிவிட்டது. இந்தப் பக்கம் தள்ளு, நிழலாப் பார்த்து நிறுத்து என்று கையைக் காட்டத் தொடங்கினார். கூடத்துப் பெண்கள் அண்ணனுக்கு, அண்ணனுக்கு என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று தின்றார். ஒன்றையாவது பின்னால் நீட்டினாரா என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் வரிசை விலகி வழிவிட்டது. நல்ல இடுப்பு ஒன்று சும்மா உட்கார்ந்ததற்கு ஊர் அவ்வளவு மரியாதை கொடுத்தது. அவள் இத்தனை வருஷம் நின்றதற்கு ஒரு முக்காலி கொடுக்கவில்லை.

ராட்டினத்தில் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். அவள் கீழே நின்றாள். பக்கத்தில் காலி நாற்காலி. முட்டி இரண்டும் நெருப்பாய்க் காய்ந்தன. பத்தடி தள்ளிக் கடிகாரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அதனால் அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறவள் மாதிரி அதன் முதுகில் சாய்ந்து நின்றாள்.

மேலேயிருந்து வீட்டுக்காரர் கையாட்டினார்.

டீச்சர், இப்போது நம்ப முடிகிறதா?

(நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அவளை விழாமல் வைத்திருந்தது அந்தக் கைப்பிடிதான். அவர் கனத்துக்கு நாற்காலி அசையாமல் நிற்க, அவள் தன் பாரத்தையெல்லாம் அதில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவர் அதைக் கணக்குப் போட்டு உட்கார்ந்தாரா, சுகத்துக்கு உட்கார்ந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முதலாவது என்றுதான் சொல்வார்.)

5

சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குக் கால் இல்லை. இருந்தது, சொன்னதைக் கேட்கவில்லை.

தண்ணீர் விளையாட்டுக்குப் பின்னால் மோட்டார் அறை. குப்பைத் தொட்டிகளும் சிமெண்டுச் சுவரும்தான் அங்கே இருந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள்.

'அப்போது அவள் உடலெங்கும் ஒரு' வேண்டாம். உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

அவர் தள்ளவில்லை, இழுத்தார். கிடங்கில் வண்டியை அப்படித்தான் இழுப்பார்கள்: ஆள் முன்னால், கை இரண்டும் பின்னால், சரக்கு முதுகுப் பக்கம். நாற்காலி என்று அவருடைய கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அவள் பூங்காவைப் பின்புறமாகப் பார்த்துக்கொண்டு போனாள். எதுவும் வருவது தெரியாது, போவதுதான் தெரியும். பூச்செடி போயிற்று. பொம்மை யானை போயிற்று. பலூன் விற்கிறவர் சிறுத்துக்கொண்டே போனார்.

"எல்லாம் போனப்புறந்தாங்க எனக்குத் தெரியுது," என்றாள்.

"வர்றதைப் பார்த்து என்னத்தைக் கிழிச்சோம்," என்றார் அவர், திரும்பாமல்.

அவள் சிரித்தாள். அன்றைய சுற்றுலாவில் கூடத்தார் கொடுத்த கட்டாயச் சந்தோஷத்தில் சேராத சந்தோஷம் இது ஒன்றுதான்.

பின்புறமாகப் போனதால் கடிகாரம் வந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. முனை திரும்பினால் அவரும் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேரும் எதிரில் நிற்கிறார்கள். கூடவே பூங்காவின் காவலாளி.

இடுப்புப் போன மனிதன் மாடு மாதிரி இழுக்கிறான். பெண்டாட்டி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் வாய் திறந்தது கூடத்துப் பெண்களில் மூத்தவள். ஏன்டி, உனக்கே நல்லாருக்கா என்று கேட்டாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். காவலாளிக்கு அந்தக் கவலை இல்லை. நாற்காலிக்காரர் நடக்கிறார் என்று எல்லாரையும் ரசீதுக்காரரிடம் ஓட்டிக்கொண்டு போனார்.

6

ரசீதுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் இடைஞ்சல். வில்லனாக இருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவளுடைய விரல் கணுக்களைப் பார்த்தார். அவர் வீட்டிலும் யாருக்காவது அப்படி இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"நாற்காலி உங்களுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பேரை மாத்திப் பணத்தைக் கொடுத்துடறேன்."

அவர் தாழ்த்திச் சொன்னது கடிகாரத்துக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. என்னது என்று கழுத்தை நீட்டினார்.

ஒரு வார்த்தை. சொன்னால் கைக்கடன் அடையும். திங்கட்கிழமை ஈர மூலைக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் வெக்கை மிஞ்சும்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

டீச்சருக்குப் பிடித்தது: அவள் நிமிர்ந்து நின்று, ஆமாம், நோய் எனக்குத்தான் என்கிறாள். கடிகாரத்தின் கண் கலங்குகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்து இரண்டு எழுத்து பிசகிவிட்டது.)

வீட்டுக்காரருக்குப் பிடித்தது: அவர் நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கிக் கடிகாரத்தின் தலையில்

மூன்றாவது நடந்தது. வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மெதுவாக அல்ல, நன்றாக இருக்கிறவள் எழுவது போல. எழுந்து சொன்னாள்:

"அவருக்குத்தாங்க முடியல. நான்தான் ஆசைப்பட்டு உக்காந்தேன். சட்டம்னா சட்டம், பணம் இருக்கட்டும்."

கடிகாரம் தலையில் அடித்துக்கொண்டார். பேருந்து வாசலில் காத்திருந்தது. வீட்டுக்காரர் நொண்டத் தொடங்கினார். இரண்டு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். பாதி வழியில் கால் மாற்றி நொண்டினார், ஒருவரும் கவனிக்கவில்லை. பைகளையெல்லாம் அவள் தலையில் கட்டினார்கள், தண்டனை போல. அவள் இரண்டு கையிலும் பையோடு, முட்டிக்குள் கண்ணாடித் தூள் அரைபட, நேராக நடந்தாள். முன் இருக்கை அவருக்கு. அவளுக்குக் கடைசி.

இறங்கியபோது அவள் காதோரம் அவர் கேட்டது ஒன்றே: "இடது காலா, வலது காலா? எதுன்னு மறந்துட்டேன்."

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வஞ்சிக்கப்பட்ட பெண், திரும்பி வராத பணம், நிமிர்ந்த நடை. டீச்சருக்கும் ஒரு கைக்குட்டை செலவாகியிருக்கும்.

ஆனால் திங்கட்கிழமை கடிகாரம் இஸ்திரி மேசைக்கு வந்தார். மணிக்கட்டைப் பார்த்தபடியே, வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்க்கிறாயா என்று கேட்டார். பார்க்க நேரம் இல்லைங்க சார் என்றாள். அவர் யோசித்தார். பொம்பளை உடம்புக்கு மடிப்பு மேசைதான் மருந்து என்று இத்தனை காலம் நடத்தியவர், ஒரு ஆம்பளை இடுப்புக்காக அன்றைக்கு உத்தரவு போட்டார்.

"மாசத்துல ஒரு நாள் அரை நேரத்தோட போம்மா. கூலி பிடிக்க மாட்டேன். அந்த மனுஷனைக் கொண்டுபோய்க் காட்டு."

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். தன் ஊசியைத் தானே போய்ப் போட்டுக்கொண்டு வருகிறாள். எப்படி இருக்கார் என்று கடிகாரம் கேட்கும்போது தன் மூட்டின் நிலவரத்தை அப்படியே சொல்கிறாள். முந்தி நோயாளி இருந்தாள், அனுதாபம் இல்லை. இப்போது அனுதாபத்துக்கு ஒரு நோயாளி இருக்கிறார். அவர் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முடிவு கேட்காதீர்கள். இந்தக் கதையில் அந்த மனிதனுக்குக் குணமாகிவிட்டால் என் மத்தியானம் போய்விடும். செத்துப்போனதாக எழுதினால் துக்கத்துக்கு ஒரு நாள் கொடுப்பார்கள், அதோடு சரி. உண்மையை எழுதினால் ஈர மூலை. எழுதிவிட்டேனே என்கிறீர்களா? கடிகாரம் கதை படிக்கிற ஆள் இல்லை. நீங்கள்தான் படித்திருக்கிறீர்கள். வெளியூரில் விடுதிக் கட்டிலில் படுக்கும்போது விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லையென்றால், அது யாருடைய விரல் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். போய்ச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

பூங்காக்காரர்களின் பாக்கியை நான் இன்றோடு கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டாயிரத்து நானூறுக்கு ஒரு நோயாளிப் புருஷன் மலிவுதான். அவரை இன்னும் கொஞ்ச காலம் நொண்ட விடுங்கள். எந்தக் கால் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.